‘போறன்’ அல்ல, ‘வாறன்’: தனியாகப் படுக்க மறுக்கும் பிள்ளையை நித்திரைக்குப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் மகளுக்கு நாலு வயது நடந்த நேரம், என் காதுச்சோணையைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்கு நித்திரை வரும். பிடி தளர்ந்துவிட்டது என்று நம்பி மெல்ல எழும்புவேன். கட்டில் ஒருமுறை முனகும். உடனே கண்ணைத் திறந்துவிடுவாள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எட்டரைக்குப் போய்ப் படுத்தால் பத்தரைக்குத்தான் நான் அறையை விட்டு வெளியே வருவேன். அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம்.

ஒரு சனிக்கிழமை இரவு, “நீங்கள் இப்ப பெரிய பிள்ளை” என்று சொல்லி அவளைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிடம் அழுதாள். கதவடியில் இருந்து நானும் அழுதேன். அதன் பிறகு இரண்டு கிழமையாக, நான் குளிக்கப் போனாலும் கிணற்றடி வரை என் பின்னால் வந்து நின்றாள். அவசரப்பட்டதால் இருந்த தைரியத்தையும் நானே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்து நிதானமாகச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்று வயதிலிருந்து ஏழு, எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டியது

தனியாகப் படுப்பது எல்லா வீட்டுக்கும் கட்டாயமானதல்ல. அம்மம்மாவின் பக்கத்தில் படுத்து வளர்ந்த பிள்ளைகள் குறைந்து போகவில்லை. கனடாவில் இருக்கும் மச்சாள் தன் பிள்ளை சின்னதிலேயே தனி அறையில் படுத்தது என்று சொன்னால், அது அந்த வீட்டு வழக்கம். உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளை வரப்போகிறது, தாய்க்கு நித்திரை இல்லை, பிள்ளைக்கே நித்திரை போதவில்லை என்றால் அவை நல்ல காரணங்கள். “ஆக்கள் என்ன சொல்லுவினம்” என்பதைக் காரணமாக எடுக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு இந்த முறை வேண்டாம். கைக்குழந்தை தாயின் அறையிலேயே, தனக்கென்ற தட்டையான, தலையணை இல்லாத படுக்கையில், மல்லாக்கப் படுப்பதே பாதுகாப்பு.

காலமும் முக்கியம். புதுப் பிள்ளை பிறந்த மாதத்தில், முன்பள்ளியில் சேர்த்த கிழமையில், காய்ச்சல் மாறிய கையோடு தொடங்காதீர்கள். குழந்தை வரப்போகிறது என்றால் பிரசவத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே மூத்த பிள்ளையின் படுக்கையை மாற்றி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் “தம்பி வந்துதான் என்னைத் துரத்தினவன்” என்று அந்தச் சின்ன மனம் கணக்குப் போடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு முதலில் பேசுங்கள். என் அம்மா இதைக் கேட்டதும் முகம் சுருங்கிப் போனார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சனநெருக்கத்துக்குள் நான் தவறிவிடக்கூடாது என்று என் கையைத் தன் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தவர் அவர். பதுங்குகுழியான பங்கருக்குள் பிள்ளைகள் மேல் கையைப் போட்டபடி படுத்த தலைமுறை அது. பிள்ளையைத் தனியே விடுவது என்றால் அவர்களுக்கு வேறு ஓர் அர்த்தம் இருக்கிறது. அதைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். நான் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: “அவள் அழுதால் நான் போவன். ஆனா நான்தான் போவன், நீங்கள் இல்லை. சரியோ?” அவர் சம்மதித்த பிறகுதான் தொடங்கினோம். ஒருவர் கண்டிப்பாகவும் இன்னொருவர் பாதி இரவில் தூக்கிக்கொண்டும் போகும் வீட்டில் எந்த முறையும் நிற்காது.

பிள்ளை ஏன் நடுச்சாமத்தில் எழும்புகிறது

எல்லோரும் இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கிறோம். ஒரு சுற்று நித்திரை முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் புரண்டு, தலையணையைச் சரிபண்ணி, மறுபடி உறங்கிவிடுகிறோம். காலையில் நினைவே இருக்காது. பிள்ளையும் அப்படித்தான். ஆனால் நித்திரை வந்த நேரம் இருந்த காதுச்சோணை இப்போது இல்லை என்றால், பிள்ளை முழுதாக விழித்துத் தேடும். ஏணையில் ஆட்டி உறங்கவைத்த குழந்தை, ஏணை நின்றதும் சிணுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

ஆகவே பழக்க வேண்டியது முழு இரவையும் அல்ல. நித்திரை வரும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களை மட்டும்தான். அந்த நிமிடங்களில் பிள்ளை தன் படுக்கையில், தன் தலையணையோடு, உங்களைத் தொடாமல் இருந்தால், சாமத்தில் விழிக்கும்போதும் எல்லாம் அப்படியே இருக்கும். தேட ஒன்றும் இருக்காது.

உடம்பை முதலில் பாருங்கள்

பழக்கத்தைக் குறை சொல்லுமுன் இதைச் செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் இரவில் புரளுவதற்குக் கீரிப்பூச்சி ஒரு பெரிய காரணம். பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும்போது கடி எடுக்கும். பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. “நித்திரை வரேல்லை” என்று மட்டும் அழும். பிள்ளை உறங்கிய பிறகு டோச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல்துண்டு போலத் தெரியும். டொக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லோருமாக மருந்து எடுத்து, இரண்டு கிழமையால் திரும்ப எடுப்பதுதான் வழக்கம். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் சுற்றிச் சுற்றி வரும்.

அடுத்தது குறட்டை. கிழமையில் பல இரவுகள் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி வாங்குவது, வாயைத் திறந்தபடி உறங்குவது இருந்தால் தொண்டைச் சதையையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையான அடினொயிட்டையும் டொக்டர் பார்க்க வேண்டும். வேர்க்குரு, தோல் கடி, மூக்கடைப்பு ஆகியவற்றையும் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் கால்களை அசைத்தபடியே கிடப்பதும் உண்டு.

பின்னேரத் தேத்தண்ணியை நிறுத்துங்கள். பால் கலந்தாலும் தேயிலை தேயிலைதான். அதிலுள்ள கஃபீன் மணிக்கணக்காக உடம்பில் நிற்கும்.

நேரக் கணக்கு

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து ஒரு நாளுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும். ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க ஆறு மணிக்காவது எழும்ப வேண்டும். அப்படியென்றால் எட்டு மணிக்கு நித்திரை வந்தால் நல்லது. பகலில் பிந்தி உறங்கினால் இந்தக் கணக்குப் பிழைக்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு பிள்ளையை உறங்க விடாதீர்கள்.

ஆனால் இன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு உண்மையில் நித்திரை வருவது ஒன்பதரைக்கு என்றால், எட்டு மணிக்குப் படுக்கப் போட்டால் ஒன்றரை மணித்தியாலச் சண்டைதான் மிஞ்சும். ஒன்பதரையிலேயே தொடங்குங்கள். சண்டை இல்லாமல் உறங்கத் தொடங்கியதும், மூன்று நாளைக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் ஒரு நாளும் மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

அறை

படுக்கைக்குக் கட்டிலே நல்லது. தரையில் பாய் போட்டால் விழமாட்டாள் என்று நானும் முதலில் யோசித்தேன். ஆனால் தரையில் உறங்குகிறவர்களை இரவில் எண்ணெய் விரியன் கடிப்பது நம் நாட்டில் நடக்கிற விஷயம். கடித்தது தெரியாமலே விஷம் ஏறும். பதிவான கட்டிலும், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிய நுளம்பு வலையும் பாம்புக்கும் நுளம்புக்கும் சேர்த்துக் காவல். வலைக்குள் இருப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்யும். எங்கள் மகள் அதை “என்ர வீடு” என்றாள். கதவைப் பூட்டிய சின்ன அறையில் நுளம்புச்சுருள் கொளுத்த வேண்டாம்.

வெளிச்சம் வேண்டுமென்று கேட்டால் கொடுங்கள். மங்கலான மஞ்சள் பல்ப், பிள்ளையின் கண்ணில் நேரே படாமல் தாழ்வாக இருக்கட்டும். வெள்ளை எல்ஈடி வேண்டாம், அது மூளைக்குப் பகல் என்று சொல்லும். கரண்ட் போகிற இரவுகளுக்கு ஒரு சின்ன டோச்சைத் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். அது பிள்ளையின் சொந்த டோச்சாக இருக்கட்டும்.

என் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்துத் தலையணை உறை தைத்தேன். தைத்த பிறகு இரண்டு இரவு நானே அதில் படுத்துவிட்டுக் கொடுத்தேன். காதுச்சோணைக்குப் பதிலாக அதன் மூலையைத் திருகிக்கொண்டு உறங்கப் பழகினாள். இந்த ஒன்றுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதலாம் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு, சத்தங்கள். பெரியவர்களுக்குக் காது பழகிவிட்டது, பிள்ளைக்கு அப்படியில்லை. பகலில் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். காவோலை உரசுகிற சத்தம் இது. ஆவணியில் பனங்காய் தொப்பென்று விழுவது அங்கே. முகட்டில் ஓடுவது மரநாய், அதற்கும் இரவில் சாப்பாடு தேட வேண்டும். சோளகம் அடித்தால் இந்த ஜன்னல்தான் ஆடும். ஒரு கடதாசியை மடித்துச் செருகுவோம், நீயே செருகு. பெயர் தெரிந்த சத்தம் பிள்ளையை அவ்வளவாகப் பயமுறுத்தாது.

இன்னொன்று. சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி வருவான், பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும், டொக்டர் ஊசி போடுவார் என்று பகலில் சொல்லும் எல்லாம் இரவில் அந்த அறைக்கு வந்து நிற்கும். இன்றோடு வீட்டில் எல்லோரும் இதை விட்டுவிட வேண்டும். அப்பப்பாவும்தான்.

பின்னேரத்திலிருந்து படுக்கை வரை

ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை. ஆறு மணிக்கு விளக்கு வைத்துத் தேவாரம், ஏழு மணிக்குள் சாப்பாடு, மேல் கழுவி உடுப்பு மாற்றுவது, பல் தீட்டுவது, ஒண்டுக்குப் போவது, கதை, விளக்கு. படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே ரீவியும் போனும் நிற்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் இதை முறிப்பது வெளிநாட்டு வீடியோ அழைப்புத்தான். இங்கே இரவு எட்டு மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை பத்தரை, லண்டனில் பின்னேரம் மூன்றரை. அவர்களுக்கு வசதியான நேரம். நமக்குப் பிள்ளை படுக்கும் நேரம். மாமாவிடம் நேரே சொல்லுங்கள்: “ஆறரைக்கு முதல் எடுங்கோ, இல்லையெண்டால் சனி, ஞாயிறு பகலில.” ஒருவரும் கோபிக்கவில்லை.

கதை வாயால் சொல்வதாக இருக்கட்டும், இருட்டில் சொல்லலாம். ஒரு கதை, நீளம் முன்பே பேசியது. பேயும் துரத்தலும் இல்லாத கதை. முடிவில் ஒவ்வொரு நாளும் ஒரே வசனம். எங்களுடையது, “கண்ணை மூடுங்கோ குஞ்சு, அம்மா இஞ்சதான்.”

படிகள்

முதற் படி. புது அறையில், பிள்ளையின் கட்டிலில் நீங்களும் படுங்கள், மூன்று நாலு இரவு. இடம் மட்டும் மாறுகிறது, ஆள் மாறவில்லை.

இரண்டாம் படி. படுக்காமல் கட்டில் ஓரத்தில் இருங்கள். கை பிள்ளையின் முதுகில் இருக்கலாம். கண் சொருகத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள், உறங்கும் வரை வைத்திருக்க வேண்டாம். இந்தப் படியில்தான் அழுகை கூடுதலாக இருக்கும். “எனக்குப் பக்கத்தில படுங்கோ” என்று கெஞ்சுவாள். “விளங்குது குஞ்சு. நான் இருக்கிறன்” என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும். பேச்சு நீண்டால் நித்திரை போய்விடும். நாலைந்து இரவு.

மூன்றாம் படி. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை. தொடுவது இல்லை. போனைப் பார்க்காதீர்கள், அந்த வெளிச்சம் பிள்ளையை எழுப்பும். நான் கீரை ஆய்ந்தேன், சில இரவு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மூன்று இரவுக்குப் பிறகு கதிரையை அறை நடுவுக்கு, பிறகு வாசலுக்கு நகர்த்துங்கள். நகர்த்தியதைப் பகலிலேயே சொல்லிக் காட்டிவிடுங்கள், இரவில் திடீரென்று செய்ய வேண்டாம்.

நாலாம் படியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நாம் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது “போறன்” என்று சொல்வதில்லை. “போட்டு வாறன்” என்போம். பெரியவர்கள் நமக்குப் பழக்கிய அந்தச் சொல்லை இங்கே எழுத்துப் பிசகாமல் காப்பாற்ற வேண்டும். “அடுப்பை நிப்பாட்டிப் போட்டு வாறன்” என்று சொல்லி வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்பி வாருங்கள். வந்து தலையைத் தடவி, “உடுப்பை மடிச்சு வைச்சிட்டு வாறன்.” மூன்று நிமிடம். பிறகு ஐந்து, பிறகு பத்து. பிள்ளை கூப்பிடுமுன் வந்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். கூப்பிட்ட பிறகு வந்தால், கூப்பிட்டால் வருவா என்று பிள்ளை படிக்கும். கூப்பிடாமலே வந்தால், பேசாமல் கிடந்தாலும் அம்மா வருவா என்று படிக்கும். இரண்டுக்கும் இரவும் பகலும் போல வித்தியாசம்.

சொல்லிவிட்டுப் போகாமல் இருந்த ஓர் இரவு எனக்கு உண்டு. உறங்கிவிட்டாள் என்று நினைத்து அப்படியே பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவள் உறங்கவில்லை. அடுத்த நாள் திரும்பக் கட்டில் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உறங்கியிருந்தாலும் போய் ஒருமுறை பாருங்கள். காலையில் “அம்மா வந்தனீங்களோ?” என்று கேட்டால் உண்மையாக “ஓம்” என்று சொல்லலாம்.

இந்தப் படியின் ஏழாம் இரவோ எட்டாம் இரவோ, நான் எழும்புமுன்னே அவள், “நீங்கள் போட்டு வாங்கோ அம்மா” என்றாள். திரும்பி வர ஐந்து நிமிடம். அதற்குள் உறங்கியிருந்தாள்.

சாட்டுகள்

தண்ணி விடாய்க்குது, ஒண்டுக்கு வருது, இன்னொரு கதை, கால் நோகுது. இதற்கு 1999இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியான ஒரு முறை இருக்கிறது: படுக்கப் போகுமுன் பிள்ளையின் கையில் ஒரு மட்டையைக் கொடுப்பது. அதைக் கொடுத்து ஒரு முறை எழும்பலாம், அல்லது ஒன்று கேட்கலாம். கொடுத்த பிறகு அன்றிரவு வேறில்லை. நான் பழைய கலியாண அழைப்பிதழ் மட்டையை வெட்டி, அவளையே நிறம் தீட்ட வைத்தேன். முதல் கிழமை இரண்டு மட்டை, பிறகு ஒன்று. பாவிக்காமல் காலையில் திருப்பித் தந்தால் பகலில் என்னோடு ஒரு சின்ன வேலை: தோசை ஒன்று அவளே ஊற்றலாம். பல இரவு மட்டையை வைத்துக்கொண்டே உறங்கினாள். கையில் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே போதும் போல.

பயம் உண்மையான பயம் என்றால்

இதைச் சாட்டு என்று எண்ண வேண்டாம். மூன்று வயதிலிருந்து கற்பனை வளரும்போது பயமும் சேர்ந்தே வளரும். கட்டிலுக்குக் கீழே பேய் இருக்கிறதா என்று தடியால் தட்டிக் காட்டாதீர்கள். தேடினால் இருக்கக்கூடும் என்றுதான் பொருள். பயத்தை ஏற்றுக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். 2006இல் லெபனான் போர் நேரம் இஸ்ரேலில், போரால் கலங்கியிருந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஆய்வாளர்கள் ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்து, இது கவலையாக இருக்கிறது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அப்படிப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளின் கலக்கம் குறைந்தது என்று 2008இல் எழுதினார்கள். பங்கர் பார்த்த ஊரில் இருந்து படித்ததால் அது எனக்கு நெஞ்சில் தைத்தது. துணிப்பொம்மை ஒன்றைக் கொடுத்து, “இதுக்கு இருட்டுப் பயம். நீங்கள்தான் பக்கத்தில வைச்சிருக்க வேணும்” என்று சொல்லிப் பாருங்கள்.

நடுச்சாமத்தில்

எழும்பி உங்கள் கட்டிலுக்கு வந்தால், விளக்குப் போடாமல், ஏசாமல், கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் அதே வசனத்தைச் சொல்லிப் படுக்கவையுங்கள். ஐந்து முறை வந்தால் ஐந்து முறையும். நாலு முறை கூட்டிப்போய் ஐந்தாம் முறை பக்கத்தில் போட்டுக்கொண்டால், ஐந்து முறை வர வேண்டும் என்பதுதான் பாடம். அப்பாவும் நீங்களும் இரவு விட்டு இரவு மாறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது.

கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்புறமாக வரும். பிள்ளை முழித்து, உங்களைத் தேடி, கனவைச் சொல்லும், அணைத்துக்கொள்ளுங்கள். உறங்கி ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் கண் திறந்தபடி வீரிட்டு அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளினால் அது வேறு. பிள்ளை விழிக்கவே இல்லை. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். சில நிமிடத்தில் அடங்கும், காலையில் நினைவிருக்காது. அடிக்கடி வந்தால், கை கால் ஒரே தாளத்தில் வெட்டி இழுத்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்து வயது வரை படுக்கை நனைவது சாதாரணம். அதற்காக வெட்கப்படுத்த வேண்டாம்.

ஒரே அறை வீடென்றால்

பல வீடுகளில் தனி அறைக்கு இடமில்லை. அதனால் ஒன்றும் கெடாது. அதே அறையில் தனிக் கட்டில், தனி வலை, இடையில் ஒரு சேலைத் திரை. படிகள் அப்படியே, கதிரைக்குப் பதில் உங்கள் கட்டில்.

பின்னுக்குப் போகும் நாட்கள்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் நேரம் குழம்பும். கலியாண வீடு, வந்து நிற்கும் விருந்தாளிகள், பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர் எல்லாம் அப்படித்தான். அந்த நாட்களில் புதுப் படி எடுக்காதீர்கள். நிற்கிற படியில் நில்லுங்கள். பிந்தி வந்த இரவிலும் வரிசையைச் சுருக்கிச் செய்யலாம்: கால் கழுவி, ஒரு தேவாரம், அதே வசனம்.

காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுங்கள், யோசிக்கவே வேண்டாம். மகளுக்கு மார்கழியில் காய்ச்சல் வந்து ஐந்து இரவு நான் அவளோடுதான் படுத்தேன். விட்டு மூன்றாம் இரவு, பகலில் சொல்லிவைத்து, கதிரையை வாசலில் போட்டேன். அங்கிருந்து விறாந்தைக்குப் போக இரண்டு இரவு எடுத்தது.